வலப்பக்கம் தள்ளிப் பிடித்த வேதப்புத்தகம்

என் பிரியமான அக்காளுக்கு,

நீ கர்த்தர்கிட்ட போய் எட்டு மாசம் ஆகுது. கோபத்தோடதான் இதை எழுதுதேன். கோபம் உன்மேல இல்ல, என்மேல.

போன வாரம் வண்ணார்பேட்டையில கண் டாக்டரைப் பார்க்கப் போனேன். ஒரு பெட்டிக்குள்ள முகத்தை வைக்கச் சொல்லி, நடுப்புள்ளியையே பார்க்கணும், ஓரத்துல வெளிச்சம் மின்னினா பொத்தானை அமுக்கணும்னார். எனக்குக் குறை ஒண்ணும் இல்லையாம். இது எதுக்கு சார்னு சும்மா கேட்டு வச்சேன். பக்கவாதம் வந்த சிலருக்குக் கண்ணு நல்லா இருந்தும் பார்வையில ஒரு பாதி போயிருமாம், போனது அவங்களுக்கே தெரியாதாம். இடது பாதி போயிட்டா வரியோட முதல் சொல்லு கண்ணுல படாது, புத்தகத்தை வலப்பக்கம் தள்ளி வச்சா கொஞ்சம் படும்னார். எனக்கு அங்கனயே உன் ஞாபகம் வந்துட்டு.

உனக்குப் பக்கவாதம் வந்து தேறினப்புறம், கோயில் ஆராதனையில பைபிள் பாடம் வாசிக்கும்போது நீ புத்தகத்தை வலது தோளுக்கு நேராத்தானே பிடிச்சே? முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினவ இப்படிக் கோணலாப் பிடிக்காளேன்னு எனக்கு மானம் போச்சு. பக்கத்துல வந்து நானே அதை நடுவுக்கு இழுத்து வச்சேன். அப்புறந்தான் நீ வரிக்கு வரி முதல் சொல்லை விட்டே. சபையில நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. போதகர்கிட்ட போய், அக்காளுக்கு வயசாயிட்டு, வாசிக்கிறவங்க பட்டியல்லயிருந்து பேரை எடுத்துருங்கன்னு நான்தான் சொன்னேன்.

அன்னைக்கு மத்தியானம் சோத்துத் தட்டு முன்னால உக்காந்து கேட்டே.

"ஏட்டி, நான் தப்பாவா வாசிச்சேன்?"

"இல்லக்கா, மத்தவங்களும் வாசிக்கணும்லா."

நீ நம்பல. அடுத்த வாரத்திலிருந்து கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்கிட்டே. வீட்டுலயும் சத்தமா வாசிக்கிறதை விட்டுட்டே. பாவி, நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்?

நடை எப்படி, பேச்சு எப்படின்னு டாக்டர்மார் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். வாசிப்பைப் பத்தி நானா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? எந்த டாக்டரும் சொல்லாமலே புத்தகத்தைத் தள்ளிப் பிடிக்கணும்னு உனக்கு எப்படித்தான் தோணுச்சு?

வர்ற ஞாயித்துக்கிழமை பாடம் வாசிக்கிறது என் முறை. புத்தகத்தைத் திறக்கிறதுக்கு முன்னால சபைக்கு முன்னால நின்னு சொல்லுவேன். எங்க அக்காளுக்கு வாசிப்பு மறக்கல, பாதிப் பார்வைதான் போச்சு, அவ வாயை அடைச்சது நான்தான்னு. அழுதாலும் அழுவேன். ஆனா அதைச் சொல்லாம ஒரு வசனம் வாசிக்கமாட்டேன்க்கா, இது உறுதி.

உன்னை வாசிக்கவிடாத உன் தங்கச்சி,
கிரேஸ்