இரண்டு குறுக்கும் என் கத்தார் டேப்பும்

12.04.2025
இன்று சாய்ந்தமருதின் கட்டட வரலாறு என்னால் திசை திரும்பியது. தங்கச்சியின் மகள் றுக்ஸானாவின் கல்யாணத்துக்குக் கட்டும் வீட்டின் முன் ஹோலுக்கு அத்திவார நூல் கட்டினோம். பாண்டிருப்பு பாக்கியராசா மேசன் மூலைக்கு மூலை ஒரு குறுக்கைத் தன் டேப்பால் அளந்தார்: பதினெட்டு அடி. மற்றக் குறுக்குக்கு என் கத்தார் நாடா டேப்பை எடுத்து நுனியை நான் பிடித்தேன். மறுமுனையில் அவர் வாசித்தார்: பதினெட்டு. இரண்டும் ஒத்து வந்தால் நாலு மூலையும் மட்டம், கோணல் இல்லை. பாதிக் கத்தாரை அளந்தவன் நான் என்று சொல்லிவைத்தேன். (அளந்தவருக்குக் குடை பிடித்தேன். அதுவும் அளவைதான்.)

30.04.2025
சுவர் எழும்புகிறது. எகிப்துக்காரர் கண்டால் பிரமிட்டை இடித்துவிட்டு வந்து நிற்பார்கள்.

02.07.2025
டைல் பதிப்பவர் கூப்பிட்டுக் காட்டினார். சுவரோரத்தில், வாசல் பக்கம் முழு டைல். போகப்போக ஒடுங்கி, கடைசியில் நாலு விரல் துண்டு. ஹோலே கோணல். தங்கச்சியின் புருஷன் காலிதீன் மச்சான் எல்லார் முன்னாலும் மேசனை ஏசி, இனி வரவேண்டாம் என்றார். பாக்கியராசா என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு காகம்கூட இல்லை.

பின்னேரம் என் கத்தார் டேப்பை விரித்தேன். நுனியே ஓரடியில்தான் தொடங்குகிறது. முதல் அடி எங்கே?

என் மனைவி பாஹிமா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "போன வருசம் கோழிக்கூட்டுக் கதவு கட்டக் கயிறில்லயெண்டு நீங்கதானே வெட்டின."

அப்ப அண்டைக்கு அளந்தது பதினெட்டு இல்ல. பதினேழு. யா அல்லாஹ்.

03.07.2025
பூமி சுற்றுகிறதல்லவா, அதில் சுவர் கொஞ்சம் நகர்ந்திருக்கலாம் என்று மச்சானிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் சோறு பிசைவதை நிறுத்தவில்லை.

05.07.2025
பாக்கியராசாவுக்குக் 'கோணல் மேசன்' என்று பெயர் வந்துவிட்டதாம். பாண்டிருப்பில் பேசிவைத்த அடுத்த வீட்டு வேலையும் கைவிட்டுப் போகிறதாம். என் நாக்கால் வந்த வினை, அவருடைய சோற்றில் மண். நான் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. காய்ச்சலோ என்று பாஹிமா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

06.07.2025
பாக்கியராசாவையும், அந்தப் பாண்டிருப்பு வீட்டுக்காரரையும் கூட்டிவந்து மச்சான் முன்னால் நிறுத்தினேன். "குத்தம் மேசன்ட இல்ல மச்சான். என்ட டேப்புல ஓரடி இல்ல." என் வாயிலிருந்து கூட்டாமல் குறைக்காமல் வந்த முதல் வசனம் இதுவாகத்தான் இருக்கும். கதிரையின் நுனியில் இருந்த மச்சான் எழும்பிப்போய் மேசனின் கையைப் பிடித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பாக்கியராசா என்னை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்கும் குத்தம் இருக்கு காக்கா. ரெண்டையும் என்ட டேப்பாலயே அளந்திருக்கணும். உங்கட கதைய நம்பிட்டன்."

27.07.2025
கூரைக்கு முட்டுக்கொடுத்து, இரண்டு பக்கச் சுவரையும் அத்திவாரத்தோடு இடித்துக் கட்டியாயிற்று. கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்கிறது. மேசனின் டேப்புக்கு நுனி பிடித்தது றுக்ஸானா. சாந்துச் சட்டி சுமந்தது நான். இமயமலையே இவ்வளவு பாரம் இராது. நாளை பாண்டிருப்பு வீட்டுக்கு நூல் கட்டுகிறார்கள். பாக்கியராசா என்னையும் வரச்சொன்னார், அளந்து முடிந்த பிறகு.