தலைக்கு மேல் இரும்பு மூடி

சைகோன், கான் ஹொய் துறைமுகம்
1936

அன்புள்ள ஒடெட்டுக்கு,

மாதா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

முன்பு நிலக்கரி ஏற்றிய எங்கள் கப்பல், இப்போது நீர்மூழ்கிகளுக்கு எண்ணெயும் சாப்பாடும் கொடுக்கிறது. நேற்று ஒரு நீர்மூழ்கியின் சமையற்காரனுக்குக் காய்ச்சல். பதிலுக்கு என்னை அனுப்பினார்கள்.

"ஒண்ணுமில்லடா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள மேல வந்துடுவே," என்றார் எங்கள் சமையற்கட்டு ஜூல் அண்ணன்.

வேடிக்கையைக் கேள். நீர்மூழ்கிக்குள் இறங்கியதும், தலைக்கு மேல் வாசல் மூடியைத் திருகி இறுக்கிய சத்தத்தில், காபிச் சட்டியைக் கவிழ்த்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காய்ச்சல்காரன் இன்னும் எழவில்லை. நாளையும் நான்தான். அம்மாவிடம் சொல்லாதே.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. இன்னொன்று, நம் பாப்பா தூங்கும் அறைக் கதவை இனிமேல் சாத்தாதே. தச்சனைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளையே கழற்றிவிடு. ஏனென்று கேட்டு எழுதாதே.

கூப்பிடுகிறார்கள்.

உன்
ஃபெர்னான்