தொண்ணூற்றொன்பது வயதுக்காரர்கள்

12 ஆகஸ்ட் 2003, செவ்வாய்

ஆற்றின் இரு கரையிலுமாக எட்டுப் போலீஸ் தாணாக்களில் பதிவேட்டு மென்பொருள் ஓடத் தொடங்கி ஒரு மாதம். கம்பெனியின் பாராட்டுக் கடிதத்தில் நான்கு பெயர்கள். மென்பொருளை எழுதிய என் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் இருமுறை படித்தேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

மாதவி போன் செய்தாள். தம்பி வீட்டிலிருந்து நான்கு வருஷத்தில் முதல் அழைப்பு.

"வியாழக்கிழமை ஆபீஸ் போனவர் வரலை அண்ணா."

வளைகாப்புப் பந்தியில் தம்பி கிரீஷ் எல்லோர் முன்னாலும் சொன்னது உடனே ஞாபகம் வந்தது: "அண்ணாவுக்குத் திருடன் பேரை டைப் அடிக்கற உத்தியோகம்." சிரித்தவர்கள் முகம்கூட நினைவிருக்கிறது. தம்பியைக் காணோம் என்கிறாள். எனக்கு இது ஞாபகம் வருகிறது. என்ன மனுஷன் நான்?

18 ஆகஸ்ட்

ஜாதவ்பூர் பக்கத்துத் தாணாவில் புகாரை நானே பதிந்தேன். வயது நாற்பத்தாறு, ஐந்தடி ஆறு, சர்க்கரை வியாதி. அடையாளம் தெரியாத சடலங்களின் பதிவுகளோடு ஒப்பிட மென்பொருளை ஏவினேன். பொருத்தம் எதுவும் இல்லை.

"உயிரோடதான் இருக்கான். மிஷின் சொல்லிடுத்து" என்றேன். மாதவி கும்பிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

20 ஆகஸ்ட்

அவன் ஆபீஸ் இருக்கும் ஹவுரா பக்கம் பிணவறைகளில் ஒரு தடவை நேரே பார்த்துவிடலாமா என்று கேட்டாள்.

"எட்டுத் தாணாவும் இதுல இருக்கு. அதை விட உன் கண் பெரிசா?" என்றேன். கிளம்பிப் போனாள்.

25 ஆகஸ்ட்

தினமும் தேடுகிறேன். பூஜ்யம்.

2 செப்டம்பர், செவ்வாய்

தாணா சப்-இன்ஸ்பெக்டர் ஹால்தார் பாபு வேறு வழக்குக்காகச் சடலப் பட்டியலை அச்செடுத்தார். டீயைக் குடித்தபடி சிரித்தார். "சீதாராமன் பாபு, இத்தனை பேர் தொண்ணூத்தொம்பது வயசுல சாகறாங்களே. நம்ம ஊர்த் தண்ணி அவ்வளவு நல்லதா?"

பட்டியலை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

வயதுக் கட்டத்தைக் காலியாக விட என் மென்பொருள் சம்மதிக்காது. பயிற்சியில் ரைட்டர்களுக்கு நான்தான் சொன்னேன்: தெரியாவிட்டால் 99 போடுங்கள். தேடல் கேட்ட வயதுக்கு முன்பின் ஐந்து வருஷம் மட்டும் பார்க்கும். அதை எழுதியவனும் நான்தான். இரண்டையும் சேர்த்து ஒருநாள்கூட யோசிக்கவில்லை.

பட்டியலில் பதினோராவது. ஆகஸ்ட் 14, ஹவுரா ஃபெரி படித்துறை, மயங்கி விழுந்த ஆண். கையில் பை இல்லை. பூணூல். இடது காதடியில் மச்சம். புகைப்படத்தைக் கேட்டு வாங்கினேன்.

கிரீஷ்.

யாரும் உரிமை கோராததால் 24ஆம் தேதி தகனம்.

3 செப்டம்பர்

மாதவியிடம் சொன்னேன். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் பார்க்கலாமான்னு கேட்டேனே, அன்னிக்கு அங்கே இருந்தாரா?"

இல்லை என்றேன். 19ஆம் தேதியே எரித்துவிட்டார்கள் என்றேன்.

5 செப்டம்பர்

இறப்புச் சான்றிதழுக்குப் பதிவின் நகல் வேண்டும். திங்களன்று வருகிறாள். நகலில் தேதி இருக்கும்.

முடிந்த பதிவைத் திருத்தும் கடவுச்சொல் என்னிடம் மட்டுமே. 24ஐ 19 ஆக்க அரை நிமிஷம் போதும். அவளுக்கும் நிம்மதி. அவளுக்கா? எனக்குத்தானே?

மூன்று முறை திறந்தேன். மூடினேன்.

8 செப்டம்பர், திங்கள்

பதிவில் உள்ளபடியே அச்செடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். விரல் தகனத் தேதியில் நின்றது. பிறகு காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வெளியே மழை. வீடுவரை கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் சார்" என்றாள்.