மீன் அல்ல, தோல்

அண்ணா,

உங்கள் நீலக் கொப்பி என் மேசையில் திறந்து கிடக்கிறது. நான் நோட்டு என்பேன், நீங்கள் கொப்பி என்பீர்கள். இன்று உங்கள் சொல்லே இருக்கட்டும். காலையில் சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்தபோது உங்கள் மனைவி அதை என் கையில் திணித்தார். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் அதைத் திறக்கப் பயந்தேன்.

வார்சாவில் பொறியியல் படித்த காலத்தில் பிடித்த போலந்து மொழிப் பைத்தியம் ஆக்லாந்து வந்தும் உங்களை விடவில்லை. எனக்கும் அகராதிப் பித்து என்று தெரிந்ததும் என்னையும் சேர்த்துக்கொண்டீர்கள். சனிக்கிழமை காலைகளில், த்ரீ கிங்ஸில் என் வீட்டு மேசையில், ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் தேடுவோம். இருவரும் ஒத்துக்கொள்ளும்வரை பென்சில், பிறகுதான் மை. கரத்சேனா என்ற சொல்லை மட்டும் நான் இதில் சேருமுன்பே மையில் எழுதியிருந்தீர்கள். இரும்புச் செதில்களை அடுக்கிச் செய்த போர்க்கவசத்துக்கு அந்தப் பெயர். இன்று வழக்கில் இல்லை.

"செதில் இருக்கெல்லே, தங்கச்சி? கராஷ் எண்டால் அவையளின்ரை குளத்து மீன். அதிலையிருந்துதான் வந்தது," என்றீர்கள்.

நான் சும்மா இருப்பேனா? அகராதிகளைப் புரட்டினேன். இத்தாலிய மொழி வழியாக வந்த சொல் அது. அதன் வேர், தோலைக் குறிக்கும் லத்தீன் சொல். இரும்புக்கு முன்பு கவசத்தைத் தோலில் செய்தார்கள். பெயர் அதை மறக்கவில்லை.

"அண்ணா, இது சுத்தத் தப்பு. மீனெல்லாம் நீங்களா கட்டின கதை," என்று பட்டென்று சொன்னேன்.

"ஓம்," என்று மட்டும் சொல்லி, கொப்பியை மூடிக்கொண்டு எழுந்து போனீர்கள். இரண்டு வாரத்தில் மாரடைப்பில் போய்விட்டீர்கள். அதற்குள் நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை. வீம்பு, வேறென்ன? உங்களை நோகடித்து அனுப்பிவிட்டேன் என்று நான்கு மாதமாகக் குமைந்துகொண்டிருந்தேன்.

இன்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மீனை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, பக்கத்தில் மையில் எழுதியிருக்கிறீர்கள்: 'தோல். தங்கச்சி சொன்னது சரி.'

உடனே உங்கள் மனைவிக்குப் போன் செய்து, அன்று உங்களை நோகடித்ததைச் சொன்னேன்.

"அண்டைக்கு வீட்டை வந்து ஒரே சிரிப்பு. 'இருவது வருசமா எல்லாருக்கும் மீன் கதை சொல்லித் திரிஞ்சிருக்கிறன்' எண்டு சொன்னவர். உங்களிலை கோவமோ? விசரே உங்களுக்கு!"

அழுதுகொண்டே சிரித்தேன், அண்ணா. எத்தனை நிம்மதி! இன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன்.

பிழையைக் கண்டால் சொல்லாமல் இருக்க இன்னும் எனக்கு வரவில்லை. ஆனால் நீங்கள் போனதிலிருந்து, யாரிடம் அப்படிச் சொன்னாலும் மறுநாள் காலையே கூப்பிட்டு, "கோபமா?" என்று கேட்டுவிடுகிறேன். உங்களிடமும் கேட்டிருந்தால், அந்தச் சிரிப்பை நானே கேட்டிருப்பேன்.