எழுபத்து நான்கு

ஜோயல் மச்சான்,

போனில் பேசினால் ஏதாவது ஜோக் அடித்து மழுப்பிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

பைலட் பயிற்சியில் சேரவா, இன்னும் ஒரு வருஷம் இருந்து இன்ஜினியரிங்கை முடிக்கவா என்று நீ கேட்டபோது, "முதல்ல டிகிரிய முடி மச்சான்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கம் மார்க்கெட்டில் உன் அம்மாவைப் பார்த்தபோதும் அதையேதான் சொன்னேன். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் நைனா. அவனுக்கு இன்னா தெரியும்?" என்று நம்பிவிட்டார்.

பைலட் பயிற்சிக்கான மருத்துவப் பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்துதானே போனோம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நீ, அந்த வண்ணப் புள்ளிப் படத்தைப் பார்த்து எழுபத்து நான்கு என்றாய். எனக்கு இருபத்தொன்று என்று தெரிந்தது. நீ தப்பாகச் சொல்லிவிட்டாய் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் டாக்டர் சொன்னார், தப்பு என் கண்ணில்; நிறக்குருடு, பைலட் ஆக முடியாது என்று.

அன்றிலிருந்து படூருக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் நீ நிமிர்ந்து பார்ப்பாய்; நான் குனிந்து ஷூ லேஸ் கட்டுவேன்.

நீயும் என் பக்கத்து பெஞ்சிலேயே கிடக்க வேண்டும் என்றுதான் டிகிரி, டிகிரி என்றேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பைலட் பயிற்சிக்குச் சம்மதம் அனுப்பிவிடு. அம்மாவிடம் நானே வந்து உண்மையைச் சொல்கிறேன். யூனிஃபார்ம் போட்ட போட்டோவை மட்டும் கொஞ்ச நாளைக்கு எனக்கு அனுப்பாதே.

இப்படிக்கு,
இருபத்தொன்று என்று படித்தவன்