எரிந்த காட்டைச் சுற்றிக் காட்டுகிறவன்

செப். 12, வெள்ளி

புழுக்கம். நேற்றுப் பெய்த தூறல் தெருவைக்கூட நனைக்கவில்லை. ஞாயிறு காட்டு நடைக்கு இருபத்திரண்டு பேர். எடுத்துப்போக: தண்ணீர் கேன், தொப்பி, காட்டின் போட்டோ இரண்டு (தீக்கு முன், பின்), பேண்டேஜ்.

நடையில் நான் சொல்ல வேண்டியதை ஆபீஸில் தாளில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாலாவது வரி: ‘ஆடு மேய்ப்பவர் ஒருவர் அணைக்காமல் போட்ட பீடியால் தீ பரவியது.’ வாராவாரம் சொல்கிறேன். முன்பு நாக்கு கூசும். இப்போது அதுவும் இல்லை. தூ.

செப். 13, சனி

தவளக்குப்பம் மார்க்கெட்டில் ஏழுமலை. அவன்தான் அந்த ஆடு மேய்ப்பவன். காட்டுக்கு வேலி போட்டதும் ஆடுகளை விற்றுவிட்டான். மீன் கடையில் ஐஸ் உடைக்கிறான்.

“இன்னாண்ணே, காடு துளுத்துடுச்சாமே? ஒருநாள் வந்து பாக்கட்டா?”

நாளைக்கே வா என்றேன். வேறென்ன சொல்வது?

ஏழுமலை வருவதைக் கலாவிடம் சொல்லி, உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். பெண்டாட்டி அவளுக்கு மட்டும்தான் அது தெரியும். போன வருஷம் பங்குனியில், காட்டுக்குள் இருக்கும் ஐயனாருக்குக் கற்பூரம் ஏற்றியவன் நான். ஒரு வேலை கிடைக்கட்டும் என்று. கல்மேல் வைத்தால் காற்றில் நிற்கவில்லை, கீழே சருகோரமாக வைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சாமிக்கு ஏற்றியதை நாமே அணைக்கக் கூடாதே! எரிந்து அடங்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். பெரிய பக்திமான். காடு போச்சு. அப்புறம், எரிந்த காடு தேறுவதைச் சுற்றிக் காட்ட ஆள் தேடினார்கள். வேலை கிடைத்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டார் ஐயனார்.

கலா: “இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது? சோத்துல மண்ண அள்ளிப் போட்டுக்காதய்யா.”

சோறு இறங்கவில்லை.

செப். 14, ஞாயிறு

ஏழு மணிக்கே வெயில். வந்தது இருபது பேர். அதில் பாரிஸில் குடியிருக்கும் நம்மூர்ப் பெண் ஒருத்தி, லீவுக்கு வந்த மதாம். ஏழுமலை வெள்ளைச் சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி.

கருகிய வேம்பின் அடியில் துளிர் காட்டினேன். களாச்செடி வேரிலிருந்து கிளம்பியிருப்பதைக் காட்டினேன். பனைகளுக்கு ஒன்றுமில்லை, இடுப்புவரை கரி, மேலே பச்சை. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். ஏழுமலை மட்டும் குனிந்து, களாத் துளிரைத் தொட்டுப் பார்த்தான்.

“தீ எப்படிப் பிடிச்சிது?” மதாம் கேட்டாள்.

தாளை எடுக்கவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம், வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் ஏழுமலை முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “நான்தாம்மா. பீடிய அணைச்சிட்டேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். இத்தினி பேரு சொல்றாங்க, அப்ப நானாத்தான் இருக்கும். மன்னிச்சிக்குங்க.”

மதாம் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். “ஒத்துக்க ஒரு மனசு வேணும்ப்பா.” எல்லாரும் கைதட்டினார்கள்.

நானும் தட்டினேன்.