ரிஃப்காவின் கைப்பக்குவம்

மார்ச் 8, சனி

குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கட்டிலில் ரிஃப்கா தூங்குகிறாள். மாடி வீட்டு இன்சாஃப் அத்தையின் மகள், என்னைவிட இரண்டே வயது பெரியவள். பிரசவம் வரை அம்மா படுக்கையைவிட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், சமையலில் எனக்குக் கைகொடுக்க அத்தை அவளைக் கீழே அனுப்பிவிட்டாள்.

வியாழனன்று நான் பெஸாரா செய்தேன். உடைத்த மொச்சைப் பருப்பு, கொத்தமல்லி ஒரு கட்டு, பார்ஸ்லி ஒரு கட்டு, பூண்டு. குழைய வேகவைத்து அரைத்தால் ஆயிற்று. ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில் இதைவிட எளிதான, மலிவான சாப்பாடு கிடையாது. தட்டைப் பார்த்ததும் தம்பி பாகூம், "இது சுவத்துக்கு அடிக்கிற பெயிண்ட்" என்றான். அப்பா ரொட்டியின் ஓரத்தால் லேசாகத் தொட்டுவிட்டு, "பசியில்லம்மா" என்று சவாரிக்கு மைக்ரோபஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று ரிஃப்கா செய்தாள். அதே பருப்பு, அதே கடை. பாகூம் கிண்ணத்தை நக்கினான். அப்பா, "இவ கையில மூச்சு இருக்கு, தனிப் பக்குவம்" என்றார்.

அப்படியானால் என் கையில் என்ன இருக்கிறது?

மார்ச் 11, செவ்வாய்

ஒளிந்து நின்று பார்த்தேன். கொத்தமல்லியையும் பார்ஸ்லியையும் அவள் கடைசியில்தான் போடுகிறாள். நான் முதலிலேயே போட்டுக் கறுக்கவிட்டிருக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்க மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

அம்மாவின் தலையை ரிஃப்கா வாரிவிட்டாள். அது என் வேலை. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் அம்மா சொல்கிறாள், "கடவுள் எனக்கு இன்னொரு பொண்ணு குடுத்திருக்கார்." இருக்கிற பொண்ணு கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. எனக்கும் பாகூமுக்கும் பிறகு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. இது தங்கினால் இந்தப் பெரிய நோன்பை ஒரு நாள் விடாமல் இருப்பேன், பால், முட்டை, நெய் எதுவும் தொட மாட்டேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டிருக்கிறாள். கர்ப்பிணிக்கு நோன்பு வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார், பாதிரியாரும் சொன்னார். "நேர்ந்தது நான். நீங்க இல்ல" என்று இருவர் வாயையும் அடைத்துவிட்டாள். ஆனால் எதைக் கொடுத்தாலும் குமட்டுகிறது. ரிஃப்கா செய்தால் நாலு வாய் இறங்குகிறது. நான் செய்தால் அதுவும் இல்லை.

மார்ச் 17, திங்கள்

தட்டில் அடுக்கி, தக்காளிச் சாறு ஊற்றி, ஓவனில் வைத்த உருளைக்கிழங்கு. சாறு வற்றி அடி கருகிவிட்டது. பாகூம் ஒவ்வொரு துண்டாகக் குழாயில் கழுவிச் சாப்பிட்டான். கழுவி!

மார்ச் 20, வியாழன்

குழந்தை எடை போடவில்லையாம். அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு சிகரெட் பிடித்தார்.

நாளை இங்கே அன்னையர் தினம். அம்மாவுக்குக் கொடுக்க ரிஃப்கா ஒரு தலைத்துணிக்குப் பூ வேலை செய்து வைத்திருக்கிறாள். என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மா ஒரே ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட வேண்டும். நான் சமைத்ததை. அது போதும்.

மார்ச் 21, வெள்ளி

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் ரிஃப்கா கோவிலுக்குப் போயிருந்தாள். மைசூர்ப் பருப்பைக் கேரட், தக்காளியோடு வேகவைத்து அரைத்தேன். ருசி பார்த்தால் தண்ணீர் மாதிரி இருந்தது. பூண்டும் சீரகமும் தாளிக்க எண்ணெயை எடுக்கப் போனேன். ஈஸ்டர் பலகாரத்துக்கென்று அம்மா எடுத்துவைத்த நெய் டப்பா அலமாரி உச்சியில் இருந்தது. நாற்காலி போட்டு ஏறினேன். ஒரு கரண்டி. ஒன்றரை.

அம்மா முதல் வாய் வைத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்காடி?" என்றாள். இரண்டு கிண்ணம்!

அப்பா வாசலில் நின்று பார்த்தார். "உன் கை நல்லா இருக்கணும், தக்லா!" இதுவரை என்னிடம் அவர் அப்படிச் சொன்னதில்லை. அவருக்கும் ஊற்றினேன். அவரும் நோன்பு. பாகூமும். ரிஃப்கா ஒரு கரண்டி வாயில் வைத்தாள், அப்படியே கீழே வைத்துவிட்டாள். பொறாமை என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாதாவே, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 22, சனி

அத்தை எலுமிச்சை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள். நேற்றைய பருப்பின் மேல் மஞ்சளாக ஆடை படிந்து உறைந்திருந்தது. எண்ணெய் அப்படி உறையாது. விரலால் எடுத்து மோந்தாள்.

"மாட்டு நெய்! நோன்பு வீட்டுல! நேர்ந்துக்கிட்டவ வயித்துல! எவ பண்ணினது இதை?"

ரிஃப்கா, "நான்தாம்மா தாளிச்சேன். பழக்கத்துல கை அந்த டப்பாவுக்குப் போயிடுச்சு" என்றாள்.

பளார். அத்தை அவளை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். "இனி இந்த அடுப்பங்கரைப் பக்கம் உன்னைப் பார்த்தேன்..."

நான் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

கட்டில் இப்போது முழுக்க என்னுடையது. நல்லவளாக இருப்பதிலும் அவள்தான் முதலில் வர வேண்டுமா?

மார்ச் 23, ஞாயிறு

விடியற்காலையில் அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நான்தான். என் ஒன்றரைக் கரண்டிதான். மாதாவே, என்னைத் தண்டியுங்கள், குழந்தையை விட்டுவிடுங்கள்.

மார்ச் 24, திங்கள்

சேதி ஒன்றும் இல்லை. பாகூமுக்கு மக்ரோனி வேகவைத்தேன். குறை சொல்லாமல் சாப்பிட்டான். அதுவே பயமாக இருந்தது.

மார்ச் 26, புதன்

அம்மா வந்துவிட்டாள். வலி நின்றுவிட்டது. குழந்தை உள்ளே நன்றாக இருக்கிறது.

அவள் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன், அழுதுகொண்டே, முன்பின்னாக.

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா நெய் தின்ன வாய்டி இது. முதல் வாயிலேயே தெரிஞ்சுடுச்சு."

"தெரிஞ்சுமா சாப்பிட்டே?"

"பசிச்சுது." பிறகு மெதுவாக, "எனக்குப் பசிச்சுதா, உள்ள இருக்கிறதுக்கா, யாரு கண்டா? அதை நான் பாதிரியார்கிட்ட சொல்லிக்கிறேன். ரெண்டாவது கிண்ணம் கேட்டது நான்தானே."

அப்போதுதான் ரிஃப்கா அடி வாங்கியதைச் சொன்னேன். அன்று தூங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது தெரியாது. படுத்திருந்தவள் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். "அவளையா? என் புள்ளைக்காக அவ அடி வாங்கினாளா? நீ இப்ப மேல போறியா, இல்ல நான் எழுந்து படி ஏறணுமா?"

போனேன். அத்தையிடம் சொன்னேன். கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அத்தை என்னை அடிக்கவில்லை. ரிஃப்காவைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ரிஃப்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உனக்காகச் சொன்னேன்னு நினைச்சுக்காதே. அம்மா போட்ட சத்தம் கீழ மாமி காதுல விழுந்து, நேர்த்தி முறிஞ்சுதுன்னு தெரிஞ்சா வலி வந்துடுமோன்னு பயந்தேன். சீக்கிரம் முடியட்டும்னு சொன்னேன்."

"மன்னிச்சுடு."

"நெய்யை ஊத்தினா யாரு சமைச்சாலும்தான் ருசிக்கும்." நான் வாசலுக்குப் போன பிறகு சொன்னாள், "போடி."

ஏப்ரல் 2, புதன்

அம்மா நோன்பை விட்டுவிட்டாள். பாதிரியாரின் கட்டளை. தினம் இரண்டு முட்டை. அவளுக்கு மட்டும் நான் வேகவைத்துத் தருகிறேன். ரிஃப்கா இறங்கி வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

குழந்தை எடை ஏறியிருக்கிறது. கஷ்ஷரி செய்தேன். அரிசி, பருப்பு, மக்ரோனி எல்லாவற்றையும் தனித்தனியாக வேகவைத்து எடுத்தாயிற்று. மேலே தூவ, எண்ணெயில் வெங்காயம் பொரிந்துகொண்டிருந்தது. நிறம் வந்துவிட்டது என்று கரண்டியை எடுத்தேன்.

"இன்னும் இல்ல." ரிஃப்கா சமையலறை வாசலில் சாய்ந்து நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. உள்ளே கால் வைக்கவில்லை. "இப்ப எடுத்தா சொதசொதன்னு இருக்கும். இன்னும் ஒரு நிமிஷம்."

அந்தப் பழைய எரிச்சல் கிளம்பிற்று. போகவே இல்லை அது. வேண்டுமென்றே அடுப்பை அணைத்தேன்.

அவள் வாசலைவிட்டு நகரவில்லை.

மறுபடி பற்றவைத்தேன்.